மலையின் தண்ணீரும் மலையின் வாலிபமும்

ஹிமாசலம் என்றவுடன் தமிழ்நாட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருவன பத்ரியும் கேதாரமும். அது இயல்பே. ஆழ்வார்கள் வதரியாச்சிரமத்தையும், திருப்பிரிதி என்ற பெயரால் இன்றைய ஜோஷீமடத்தையும், கண்டமென்னும் கடிநகர் என்ற பெயரால் தேவப்பிரயாகையையும் மங்களாசாஸனம் செய்திருக்கிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியிருக்கிறார்கள். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலத்திலேயே அந்தப் பனிமலை தமிழனுக்கு அந்நியமாக இருக்கவில்லை. ஆயினும், யாத்திரை முடித்துத் திரும்பும் நம்மவரைப் பார்த்து, அம்மலையில் குடியிருக்கும் ஜனங்கள் எதை உண்டு வாழ்கிறார்கள், அவர்களுடைய நிலம் எத்தன்மையது, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. கோயிலைத் தரிசித்தோம், கங்கையில் முழுகினோம், குளிர் கடுமையாக இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஜனங்களிடையே ஒரு வசனம் வழங்குகிறது. மலையின் தண்ணீரும் மலையின் வாலிபமும் மலைக்கு உதவுவதில்லை என்பது அதன் பொருள். இரண்டும் பள்ளத்தை நோக்கி ஓடிவிடுகின்றன என்று அவர்கள் சொல்லுகிறார்கள். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பண்டிதரும் எழுதிவிட முடியாது. இவ்வசனம் எவ்வாறு உண்மையாயிற்று, யாரால் உண்மையாயிற்று என்பதையே இங்கே விசாரிக்க விரும்புகிறோம்.

கிழக்கே குமாவூன், மேற்கே கார்வால் என்ற இரண்டு பழைய நாடுகள் சேர்ந்ததே இன்றைய உத்தராகண்ட ராஜ்யம். மொத்தம் சுமார் 20,600 சதுர மைல். அதில் நூற்றுக்கு 86 பங்கு மலை. தெற்கே சதுப்பான தராய். அதற்கு மேலே, மலையிலிருந்து இறங்கும் ஓடைகளெல்லாம் சரளைக்குள் புகுந்து மறைந்துபோகும் பாபர் என்னும் வறண்ட பட்டை. பின்னர் சிவாலிக் குன்றுகள். அவற்றுக்கு அப்பால் ஐயாயிரம் ஆறாயிரம் அடி உயரத்தில், கிராமங்கள் பெரும்பாலும் அமைந்துள்ள நடு மலைகள். எல்லாவற்றுக்கும் மேலாக 25,600 அடிக்கு உயர்ந்து நிற்கும் நந்தாதேவியைத் தலையாகக் கொண்ட பனிமலைத் தொடர். பாகீரதி, அலகநந்தா, மந்தாகினி, பிண்டார், சரயூ, காளி ஆகிய நதிகள் இம்மலைகளை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. நம்முடைய பொதிகையும் நீலகிரியும் பூமியில் மிகப் பழைய பாறைகளாலானவை. ஹிமாசலமோ வயதில் இளையது, இன்னும் உயர்ந்துகொண்டிருப்பது, ஆகவே அடிக்கடி சரிவது, நடுங்குவது. இந்த ஒரு பூகோள விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு இது அவசியம்.

இத்தகைய சரிவில் விவசாயம் எப்படி நடைபெறுகிறது? படிப்படியாகக் கல் அடுக்கி, தோள் அகலமுள்ள நிலங்களை உண்டாக்கி, அவற்றில் வானம் பார்த்த பயிர் செய்கிறார்கள். ஆற்றோரத்துப் பள்ளங்களில் மாத்திரம் நெல்லும் கோதுமையும் பாசனத்தில் விளைகின்றன. மேட்டு நிலத்தின் முக்கிய தானியம் மண்டுவா. அது வேறொன்றுமன்று, நம்முடைய கேழ்வரகே. ஜங்கோரா என்பது நம் குதிரைவாலி. கஹத் என்பது கொள்ளு. கேழ்வரகோடு தண்டுக்கீரை விதை, அவரை, உளுந்து, கொள்ளு, சோயா முதலியவற்றைக் கலந்து ஒரே நிலத்தில் விதைக்கும் வழக்கத்திற்குப் பன்னிரண்டு தானியம் என்று பொருள்படும் பாராநாஜா என்று பெயர். மழை பொய்த்து ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும். அவரை இனங்கள் மண்ணுக்கு உரம் சேர்க்கும். விவசாய சாஸ்திரம் படித்தவர்கள் இதைப் பின்தங்கிய முறை என்று வெகு காலம் இகழ்ந்து வந்தார்கள். இப்பொழுது அதே சாஸ்திரக்காரர்கள் சிறுதானியத்தைப் புகழ்கிறார்கள்.

ஆனால் மலை விவசாயத்தின் உயிர் நிலத்தில் மட்டும் இல்லை. அது காட்டில் இருக்கிறது. பாஞ்ஜ் என்று அவர்கள் சொல்லும் ஓக் மரத்தின் தழைதான் மாட்டுக்குத் தீனி. அதன் சருகுதான் தொழுவத்தில் பரப்பப்பட்டு, சாணத்தோடு மக்கி, படிநிலத்திற்கு எருவாகிறது. அம்மரத்தின் வேரடியில்தான் ஊற்று நிற்கிறது. அந்த ஊற்றின் ஓடையில்தான் மாவரைக்கும் தண்ணீர்த் திரிகைகள் சுழன்றன. ஆகவே காடு வேறு, வயல் வேறு என்று பிரித்துப் பேசுவது நம்மைப் போன்ற சமவெளி வாசிகளின் பேச்சு. காட்டைப் பூட்டினால் வயல் பட்டினி கிடக்கும். இந்தத் தழையையும் விறகையும் தண்ணீரையும் தலையில் சுமந்து வருகிறவர்கள் ஸ்திரீகள். ஏர் பிடிப்பது ஒன்றைத் தவிர மலை விவசாயம் முழுவதும் அவர்கள் தோளில் நிற்கிறது. ஆடவர் ஊரில் இல்லாமையே இதற்குப் பாதிக் காரணம்; அந்த விஷயத்துக்குப் பின்னர் வருவோம்.

காட்டைப் பூட்டியது யார்? கூர்க்காக்களின் கொடுங்கோலிலிருந்து 1815-ஆம் வருஷத்தில் குமாவூனையும் கார்வாலின் ஒரு பாகத்தையும் கைப்பற்றிய கம்பெனியார், மிச்சத்தை டெஹ்ரி மன்னருக்கு விட்டுக்கொடுத்தார்கள். கமிஷனர் டிரெயில் 1823-இல் ஒவ்வொரு கிராமத்திற்கும் எல்லை எழுதினார். சம்வத் 1880 ஆனபடியால் அதை எண்பதாம் ஆண்டு எல்லை என்று ஜனங்கள் அழைத்தார்கள். அந்த எல்லைக்குள் அடங்கிய காடு தம்முடையது என்று அவர்கள் நம்பினார்கள், அனுபவித்தும் வந்தார்கள். ஆனால் ரயில் வந்தது. தண்டவாளக் கட்டைக்கு மரம் வேண்டியிருந்தது. 1893-ஆம் வருஷத்தில் ஓர் அறிவிப்பின் மூலம், அளக்கப்படாத நிலமனைத்தும் சர்க்காரின் பாதுகாப்புக் காடாயிற்று. 1911 முதல் 1917 வரையில் சுமார் 3,000 சதுர மைல் ரிஸர்வாக மாற்றப்பட்டது. தழை வெட்டக் கட்டுப்பாடு. ஆடு மேய்க்கக் கட்டுப்பாடு. விறகுக்கும் வீட்டு உத்திரத்துக்கும் வன இலாகாவின் அனுமதி. ஒருவருடைய அனுபவ பாத்தியத்தை நோட்டீஸும் நஷ்டஈடுமின்றிப் பறிப்பது எந்த நீதி சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது. ஆனால் அன்று வாதியும் சர்க்கார், நியாயாதிபதியும் சர்க்கார்.

இத்துடன் மற்றொரு கொடுமையும் இருந்தது. அதிகாரிகள் சுற்றுப்பிரயாணம் வந்தால், அவர்களுடைய கூடாரம் பெட்டி படுக்கைகளைக் கிராமவாசிகள் முறை போட்டுச் சுமக்க வேண்டும். அற்பக் கூலிக்குச் சுமப்பது உதார். கூலியில்லாமல் சுமப்பது பேகார். பாலும் அரிசியும் விறகும் கொடுப்பது பர்தாயிஷ். யார் யார் முறை என்பதற்குக் கிராமத் தலைவரிடம் ரிஜிஸ்தர் இருந்தது. அறுவடைக் காலமா, வீட்டில் சாவா என்றெல்லாம் அந்த ரிஜிஸ்தருக்குத் தெரியாது.

அல்மோராவில் 1871 முதல் நடந்துவந்த அல்மோரா அக்பார் என்ற பத்திரிகை இவற்றைக் கண்டித்து எழுதியபடியால் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி 1918-இல் நின்றுபோயிற்று. அவ்வருஷத்திலேயே அதன் ஆசிரியர் பத்ரீதத்த பாண்டே, சக்தி என்ற பெயரால் வேறொரு பத்திரிகையைத் துவக்கினார். பத்திரிகையை மூடினால் விஷயம் மூடப்படும் என்று நினைக்கும் அதிகாரிகள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். 1921 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கிராந்தியில், சரயூ நதிக்கரையிலுள்ள பாகேசுவரத்தில் உத்தராயணித் திருவிழா கூடியது. பல்லாயிரம் ஜனங்கள். பாண்டேயும் ஹரகோவிந்த பந்தும் சிரஞ்ஜீலாலும் பேசினார்கள். இனிச் சுமை தூக்குவதில்லையென்று ஜனங்கள் சரயூ நீரைக் கையிலெடுத்துப் பிரதிக்ஞை செய்தார்கள். தலைவர்கள் தத்தம் ரிஜிஸ்தர்களைக் கொண்டுவந்து ஆற்றில் வீசினார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு கல் பறக்கவில்லை. நூற்றாண்டு வழக்கம் அன்றோடு ஒழிந்தது. காந்தியடிகள் இதைப் பெரிதும் பாராட்டியதில் வியப்பில்லை. பாரதோலிக்கு ஏழு வருஷம் முந்தியது இது. பாரதோலியை நாம் அறிவோம், பாகேசுவரத்தை அறியோம்.

அந்தக் கோடைகாலத்திலேயே ரிஸர்வ் காடுகள் எரிந்தன. குமாவூன் பகுதியில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தீக்கிரையாயிற்று. பைன் மரங்களில் பால் எடுத்து டர்பன்டைன் காய்ச்சும் தொழிலுக்காக வைத்திருந்த காடுகளே பெரும்பாலும் எரிந்தன. தீ வைப்பதை நாம் ஆதரிப்பதற்கில்லை. ஆனால், சொந்தக் காட்டுக்கு எந்த ஜாதியாரும் காரணமின்றித் தீ வைப்பதில்லை. சர்க்கார் விசாரணைக் கமிட்டி நியமித்தார்கள். சில காடுகளை விட்டுக்கொடுத்தார்கள். 1931-இல் வனபஞ்சாயத்து விதிகளை வகுத்தார்கள். கிராமத்தார் தாமே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து, கிராமக் காட்டுக்குக் காவல்காரனை நியமித்து, தழை வெட்டும் நாளைக் குறித்து, மீறுகிறவனுக்கு அபராதம் விதிக்கும். இந்த ஏற்பாடு நமது தேசத்திலேயே அபூர்வமானது. இன்றும் அவ்வகைப் பஞ்சாயத்துகள் சுமார் 12,000 அங்கே உள்ளன.

டெஹ்ரி சமஸ்தானத்தில் அந்த அளவும் இல்லை. காட்டுரிமை கேட்டு யமுனைக் கரையில் திலாரி மைதானத்தில் கூடியவர்களை 1930 மே 30-ஆம் தேதி சமஸ்தானப் படை சுட்டது. பிரஜா உரிமை கேட்ட ஸ்ரீதேவ சுமன் சிறையில் 84 நாள் உண்ணாவிரதமிருந்து 1944 ஜூலை 25-ஆம் தேதி உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சமஸ்தானம் 1949-இல் இந்தியாவுடன் இணைந்தது.

நிலமும் காடும் போதாதவன் வேறு வழி தேடுவான். மலைவாசிக்கு இரண்டு வழிகள் இருந்தன. வடகோடிப் பள்ளத்தாக்குகளில் வாழும் போட்டியர்களுக்கு வியாபாரம். மானா, நீத்தி, ஜோஹார், தர்மா, வியாஸ கணவாய்கள் வழியாகக் கோடையில் திபெத்துக்கு ஆடுகளின் முதுகில் தானியமும் சர்க்கரையும் துணியும் ஏற்றிச் சென்று, உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் கொண்டுவருவார்கள். பனிக்காலத்தில் அதே ஆடுகளோடு பாபர் வரையில் இறங்கி விற்பார்கள். ஜெபமாலையை உருட்டிக் காலடியை எண்ணிக்கொண்டே 1866-இல் லாசா வரை சென்று அளந்து வந்த நைன்சிங், ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அவருக்கு 1877-இல் லண்டன் பூகோள சங்கம் பொற்பதக்கம் அளித்தது. 1962-ஆம் வருஷத்து யுத்தத்தோடு அந்த வியாபாரம் ஒரே நாளில் அறுந்தது. ஒரு காலத்தில் பெரிய ஊராயிருந்த மிலம் இன்று பெரும்பாலும் கூரையிழந்த சுவர்கள். எல்லை காக்கப்பட்டது, எல்லையில் குடியிருந்தவன் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்டவர் சிலரே.

மற்றவர்களுக்குப் பட்டாளம். கார்வால் ரைபிள்ஸ், குமாவூன் ரெஜிமெண்ட் என்ற பெயர்களை யுத்த சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை படையில். மாதந்தோறும் தபால்காரன் கொண்டுவரும் மணியார்டரில் அடுப்பெரியும். இதற்கு மணியார்டர் பொருளாதாரம் என்றே பெயர் வந்துவிட்டது. கூலிப்படை என்று இவர்களை இகழ்வோருக்கு 1930 ஏப்ரல் 23-ஆம் தேதியை நினைப்பூட்டுகிறோம். அன்று பெஷாவரில் ஆயுதமில்லாத பட்டாணியர் மீது சுடும்படி ஆணை பிறந்தபோது, சந்திரசிங் கார்வாலியும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தார்கள். ஹிந்து சிப்பாய், முஸ்லிம் ஜனங்கள் மீது சுட மறுத்தான். இராணுவ நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடியவர் கார்வாலைச் சேர்ந்த பாரிஸ்டர் முகுந்திலால். சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1941-இல்தான் அவர் வெளியே வந்தார்.

சுயராஜ்யம் வந்தபின் காட்டின் நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. வன இலாகா அதுவே, ஏலம் அதுவே, காண்டிராக்டர் மட்டும் சுதேசி. கலப்பை செய்ய ஒரு மரம் கேட்ட கிராமத்தாருக்கு மறுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்கு மரங்களை ஒதுக்கினார்கள். 1973-இல் மண்டல் கிராமத்தார் அதைத் தடுத்து நின்றதிலிருந்தே சிப்கோ என்னும் தழுவல் இயக்கம் பிறந்தது. மறுவருஷம் மார்ச் 26-ஆம் தேதி நடந்தது அதனினும் பெரிது. நீத்திப் பாதையிலுள்ள ரேணி கிராமத்தின் காடு ஏலம் போயிருந்தது. யுத்த காலத்தில் எடுத்துக்கொண்ட நிலத்திற்கு நஷ்டஈடு தருவதாகச் சொல்லி அன்று ஆடவர்களைச் சமோலி பட்டணத்துக்கு அழைத்திருந்தார்கள். கோடரிக்காரர் ஊருக்குள் வந்தபோது இருந்தவர்கள் பெண்டுகளும் குழந்தைகளுமே. போட்டியர் வகுப்பைச் சேர்ந்த விதவையான கௌரா தேவி, ஊர்ப் பெண்களை அழைத்துக்கொண்டு போய் மரங்களுக்கு முன் நின்றார். வசவுக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சவில்லை. கோடரிகள் திரும்பின. அதன் பயனாக 1980-களின் துவக்கத்தில் உயர்ந்த மலைகளில் பச்சை மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தை மறைப்பதற்கில்லை. தடை காண்டிராக்டரை நிறுத்தியது. ஆனால் காட்டைக் கிராமத்தாருக்குத் திருப்பித் தரவில்லை. சாலை போடவும் பள்ளிக்கூடம் கட்டவும்கூட நெடுங்காலம் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நகரத்தார் மரத்தைக் காப்பாற்றியதாகக் கொண்டாடினார்கள். ரேணிப் பெண்டுகள் காப்பாற்றியது தம் பிழைப்பை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால் வந்த மயக்கம் இன்னும் தீரவில்லை.

லக்னோவிலிருந்து மலையை ஆள முடியாது என்று ஜனங்கள் கிளர்ந்தார்கள். 1994 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, தில்லிக்குச் சென்ற கிளர்ச்சிக்காரர்கள் மீது முஜாபர்நகருக்கு அருகில் போலீசார் சுட்டார்கள், ஸ்திரீகளை அவமானப்படுத்தினார்கள். 2000 நவம்பர் 9-ஆம் தேதி தனி ராஜ்யம் பிறந்தது. தலைநகரோ மலையடிவாரத்து டேராடூனில். மலை நடுவிலுள்ள கைர்சேண் 2020-இல் கோடைத் தலைநகர் என்ற பட்டம் பெற்றது. பட்டத்துக்கு மேல் அதிகம் பெறவில்லை.

தனி ராஜ்யம் கிடைத்த பிறகே கிராமங்கள் வேகமாகக் காலியாயின என்பது கசப்பான உண்மை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தேசம் முழுவதும் ஜனத்தொகை பெருகியபோது, அல்மோரா, பௌரி ஆகிய இரண்டு ஜில்லாக்களில் அது குறைந்தது. ராஜ்ய சர்க்கார் நியமித்த குடிபெயர்வுக் கமிஷன் 2018-இல் கொடுத்த அறிக்கையின்படி, 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போயின. போனவர்களில் சரிபாதிப் பேர் வேலையில்லாமையையே காரணமாகச் சொன்னார்கள். பள்ளியும் ஆஸ்பத்திரியும் அடுத்த காரணங்கள். ஆளற்ற ஊர்களைப் பேய்க்கிராமம் என்கிறார்கள். எஞ்சியவர்களின் விளைச்சலைக் குரங்கும் பன்றியும் தின்கின்றன. தலைக்கணக்குப்படி தொகுதி பிரிப்பதால் சட்டசபையிலும் மலையின் குரல் மெலிந்து சமவெளியின் குரல் வலுக்கிறது. வெளியார் நிலம் வாங்குவதற்கிருந்த வரம்பை 2018-இல் தளர்த்தினார்கள். கூச்சல் எழுந்தபின் 2025-இல் மீண்டும் இறுக்கினார்கள். இதற்கிடையில் கைமாறிய நிலம் கைமாறியதே.

இது வாலிபத்தின் கதை. தண்ணீரின் கதையையும் கேளுங்கள். 855 அடி உயரமுள்ள டெஹ்ரி அணை, ஸ்ரீதேவ சுமன் உயிர்விட்ட அந்தப் பழைய பட்டணத்தை முழுகடித்து நிற்கிறது. அதன் நீர் தில்லி நகரத்தின் குழாய்களில் வருகிறது. அதன் மின்சாரம் வட இந்தியாவெங்கும் போகிறது. ஏரிக்கு மேலே சரிவிலிருக்கும் கிராமத்துப் பெண் குடத்தோடு ஊற்றைத் தேடி நடக்கிறாள். மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நாம் யாரும் தயாரில்லை. இலாபத்தில் மலைக்கு என்ன பாகம், ஆபத்தில் என்ன பாகம் என்பதே கேள்வி. ஆபத்து முழுவதும் மலைக்கே என்று ஆகியிருக்கிறது. 2013 ஜூன் மாதத்து வெள்ளத்தில் கேதாரத்திலும் மற்றப் பள்ளத்தாக்குகளிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஜோஷீமடம் பழைய மலைச்சரிவின் இடிபாட்டின் மேல் அமர்ந்த ஊர் என்றும், பெரிய கட்டட வேலைகள் கூடாதென்றும் 1976-இலேயே கமிஷனர் மிஸ்ராவின் கமிட்டி எழுதிவைத்தது. 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்தன. ஆழ்வார் பாடிய திருப்பிரிதி அது.

இனி, ரேணியைப் பற்றி. 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் விழுந்தன. கௌரா தேவியின் ஊருக்கடியிலிருந்த மின்சார நிலையமும், அதற்குக் கீழே தபோவனத்தில் கட்டிக்கொண்டிருந்த அணையும் அடித்துக்கொண்டு போயின. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். சுரங்கத்தில் அகப்பட்ட கூலிகள் பலர். அந்தக் கோடையில் ஊர்ச் சாலை சரிந்தது. அங்கிருந்த கௌரா தேவியின் உருவச்சிலையை எடுத்து அப்பால் கொண்டுபோனார்கள். ஊரார் அழுதுகொண்டு பார்த்தார்கள். இத்திட்டங்களின் அனுமதியை ரத்து செய்யவேண்டும், ஊராருக்கு மாற்று இடம் தரவேண்டும் என்று ரேணியையும் ஜோஷீமடத்தையும் சேர்ந்த ஐவர் ஹைகோர்ட்டில் மனுச் செய்தார்கள். 2021 ஜூலையில் கோர்ட்டார் மனுவைத் தள்ளியதோடு, மனுதாரர்களின் நல்லெண்ணத்தில் ஐயம் கொண்டு, ஆளுக்கு 10,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பை மரியாதையோடு விமர்சிப்பது பிரஜையின் உரிமை. ஆற்றங்கரையில் வீட்டை இழக்கப் போகிறவனுக்கு வழக்கில் என்ன அக்கறை என்று கேட்பதை நம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

செய்யவேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. 1921-க்குப் பிறகு அந்நிய சர்க்காரே வேறு வழியின்றி ஒப்புக்கொண்ட வனபஞ்சாயத்து இருக்கிறது. 1976-லும் 2001-லும் விதிகளைத் திருத்தியபோதெல்லாம் பஞ்சாயத்தின் கை தாழ்ந்து, வன இலாகாவின் கை ஓங்கியது. அந்தத் திருத்தங்களை நீக்கி, கிராமக் காட்டின் வருமானத்தையும் நிர்வாகத்தையும் கிராமத்தாரிடமே விடவேண்டும். காடுவாழ் ஜனங்களின் உரிமையை ஒப்புக்கொண்டு பார்லிமெண்டு 2006-இல் இயற்றிய சட்டமும் இருக்கிறது. அச்சட்டப்படி உத்தராகண்டத்தில் இதுவரை வழங்கப்பட்டுள்ள பட்டாக்கள் மிகச் சிலவே. அணையும் சுரங்கமும் தொடங்குமுன் அவ்வூர்க் கிராமசபையின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். சம்மதமில்லாத இடத்தில் வேலை தொடங்கக்கூடாது. டேராடூனிலுள்ள மந்திரிகளில் மலைத்தொகுதிகளிலிருந்து வந்தவர்களும் பலர் இருக்கிறார்கள். வனபஞ்சாயத்து விதிகளைத் திருத்த அவர்கள் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.